மலை எத்தனை பேரைத் தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில்

சுற்றுலாத் திட்டங்களை முடிவு செய்வதற்கு ‘சிஸ்டம் டைனமிக்ஸ்’ என்னும் கணினி மாதிரி முறை உதவுகிறது என்று சென்ற இதழில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி): எங்கள் உறவினர் குடகில் ஹோம்ஸ்டே நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அறை இல்லையென்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அதை நம்பிக் கடன் வாங்கி மேலும் அறைகள் கட்டினார். இன்று பாதி அறைகள் காலியாக இருக்கின்றன. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஒன்று உண்டு என்றால் நம்ப முடியவில்லையே?

பதில்: இன்ன மாதத்தில் இத்தனை அறைகள் காலியாகும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, அம்மா. இன்று எடுக்கும் ஒரு முடிவு எவ்வளவு காலம் கழித்து, எந்த வழியாக நம்மிடமே திரும்பி வரும் என்பதைக் காட்டுவதுதான் இந்த முறையின் வேலை. உங்கள் உறவினருக்கு நேர்ந்ததற்கும் இந்த முறை பிறந்த கதைக்கும் நெருங்கிய ஒற்றுமை இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்றொரு மின்பொறியாளர் இருந்தார். தொடக்ககாலக் கணினிகளுக்கான காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். 1950-களின் நடுவில் மேலாண்மைத் துறைக்கு மாறிய அவரிடம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் தங்களுடைய புதிர் ஒன்றைச் சொன்னார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் சில ஆண்டுகள் மூன்று, நான்கு ஷிப்டு ஓடும். அடுத்த சில ஆண்டுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சந்தையின் ஏற்ற இறக்கந்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஃபாரஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வாரக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியே சந்தை சீராக இருந்தாலும், ஆள் எடுப்பதற்கும் சரக்கு இருப்பு வைப்பதற்கும் ஆலை தானே வகுத்திருந்த விதிகளே அந்த ஊசலாட்டத்தை உண்டாக்கப் போதுமானவை என்று அந்தக் கணக்கு காட்டியது.

இதில் பார்க்க வேண்டியவை மூன்றே. முதலாவது, சேர்ந்துகொண்டே போகும் இருப்பு. உங்கள் வீட்டுச் சம்பில் காவிரித் தண்ணீர் விழுகிறது, மோட்டார் போட்டால் மேலே ஏறுகிறது. இந்த நிமிடம் குழாயில் எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் பார்ப்பவருக்குச் சம்பில் எவ்வளவு மீதி என்று தெரியாது. அறைகளும் குப்பையும் கடனும் உள்ளூர் மக்களின் பொறுமையும் அவ்வாறே சேர்ந்தோ கரைந்தோ போகும் இருப்புகள். இரண்டாவது, சுழற்சி. ஆட்கள் வந்தால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் அறைகள் கூடும், அறைகள் கூடினால் விளம்பரமும் வசதியும் கூடி மேலும் ஆட்கள் வருவார்கள்; இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி. நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கூடினால் வந்தவர் மறுமுறை வரத் தயங்குவார். இது தணிக்கும் சுழற்சி. மூன்றாவது, தாமதம். என் கணிப்பில் சுற்றுலாத் துறையின் பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றாவதில்தான் இருக்கின்றன. ஏனென்றால் லாபம் அந்த சீசனிலேயே கைக்கு வந்துவிடுகிறது, செலவோ பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வேறொருவர் தலையில் விழுகிறது.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே 500 அறைகள், அறைக்கு இருவர், நாளொன்றுக்கு 900 பேர் தங்குகிறார்கள். அதாவது 90 சதவீதம் நிறைந்திருக்கிறது. இதைப் பார்த்து ஊரார் 200 அறைகள் கட்டத் தொடங்குகிறார்கள், கட்டி முடிக்க 2 ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டும் புதிய அறை ஒன்றுகூடத் திறக்கவில்லை, கூட்டம் குறையவில்லை. ஆகவே வேறு சிலர் இன்னும் 200 அறைகளுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில் 900 அறைகள் தயாராக நிற்கும்போது, வருகிறவர்கள் 1,100 பேராக வளர்ந்திருந்தாலும் 1,800 பேருக்கான இடத்தில் 61 சதவீதந்தான் நிறையும். சந்தை விழவில்லை, கூட்டம் உண்மையில் கூடியிருக்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் நட்டம். பாதி எழும்பி நிற்கும் கட்டிடங்களை யாரும் தங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே காரணம். உங்கள் உறவினர் மட்டும் அவசரப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் தன் கண்ணுக்குத் தெரிந்த 90 சதவீதத்தைத்தான் நம்பியிருப்பார். ஊராட்சி ஒன்று, அனுமதி பெற்றுக் கட்டி முடிக்கப்படாத அறைகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் பலகையில் எழுதிப் போட்டிருந்தாலே பல கடன்கள் குறைந்திருக்கும்.

கேள்வி (அல்சூரிலிருந்து ஒரு வாசகர்): நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு விதித்ததே, அது இத்தகைய மாதிரியிலிருந்து வந்த எண்ணா? மைசூரு, பந்திப்பூர் வழியாகப் போகும் எங்களுக்கு அந்த எண் நியாயமானதா?

பதில்: அந்த எண் இடைக்கால ஏற்பாடு. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்தது; 2025 மார்ச்சில், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நீங்கள் சொன்ன வரம்பையும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்ற வரம்பையும் விதித்தது. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும், நம் பன்னேருகட்டா சாலையில் இருக்கும் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது, அந்த ஆய்வு முடியும்வரை கூட்டத்தைக் கையாள ஏதோவொரு எண் வேண்டியிருந்தது. எண்ணே இல்லாமல் விடுவதைவிட இது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் சோதனைச் சாவடியில் எண்ணப்படுவது வரத்து மட்டுமே, மலையில் தங்கியிருக்கும் இருப்பு அதில் தெரியாது.

இந்த வேறுபாட்டைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் போராகாய் தீவு தெளிவாகக் காட்டியது. கழிவுநீர் கடலில் கலந்ததால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் அந்தத் தீவு மூடப்பட்டது. திறந்தபோது அரசு இரண்டு எண்களை அறிவித்தது: எந்த நேரத்திலும் தீவில் இருக்கக்கூடிய சுற்றுலாப் பயணிகள் 19,215 பேர், ஒரு நாளைக்கு வரக்கூடியவர்கள் 6,405 பேர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள், சரியாக 3 வரும். ஒருவர் சராசரியாக மூன்று நாள் தங்குவார் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. எல்லோரும் நாலு நாள் தங்கத் தொடங்கினால், வாசலில் ஒரு ஆள்கூடக் கூடாமலேயே தீவில் 25,620 பேர் இருப்பார்கள். ஊட்டியிலோ, இருவர் வரும் காரும் பன்னிரண்டு பேர் வரும் டெம்போ டிராவலரும் ஒரே வண்டியாக எண்ணப்படுகின்றன. காலையில் வந்து மாலையில் இறங்குகிறவரும் நாலு இரவு தங்குகிறவரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். சாலை நெரிசலுக்கு வண்டிக் கணக்கு பொருந்தும். தண்ணீருக்கும் குப்பைக்கும் வேண்டியது தங்கும் இரவுகளின் கணக்கு.

உங்கள் வழிக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. நடு இரவில் பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட் திறப்பதற்காகக் காத்திருந்து ஒன்றாக ஏறுவதால், நாள் கணக்கு எவ்வளவு அடக்கமாக இருந்தாலும் அந்த ஓரிரு மணி நேரம் அடக்கமாக இருக்காது. பாஸ் கிடைக்காதவர் வயநாட்டுக்கோ சிக்கமகளூருக்கோ வண்டியைத் திருப்பக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். மாதிரியின் எல்லையை நீலகிரி மாவட்டத்தோடு நிறுத்திவிட்டால், பக்கத்து மலைக்குத் தள்ளிய சுமை வெற்றியைப்போல் தோற்றமளிக்கும்.

கேள்வி (கே.ஆர்.புரத்திலிருந்து): நந்தி மலைக்கு ரோப்வே வந்தால் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் தீருமா?

பதில்: ரோப்வேயை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால் தீராது. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், விடியற்காலையில் எழுந்தால் சூரிய உதயம் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதுதான் அந்த மலையின் ஈர்ப்பு. இப்போது பலரை வீட்டிலேயே நிறுத்தி வைப்பது மலைப்பாதையில் நிற்கும் வரிசை. வரிசை குறைந்தால் அவர்களும் கிளம்புவார்கள், 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சியின் பரப்போ கூடப்போவதில்லை. ரோப்வே திறக்கும் அதே நாளில் மேலே உள்ள கார் நிறுத்துமிடத்தை மூடினால் கதை வேறு.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்): என் சொந்த ஊர் ஏற்காடு. அந்த ஊருக்கு இப்படியொரு மாதிரியை நானே செய்து பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருளிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்டெல்லா, வென்சிம் என்று பல இருக்கின்றன. வென்சிமுக்குப் படிப்பவர்களுக்கான இலவசப் பதிப்பு உண்டு. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இதற்கென்றே இருக்கும் பைஎஸ்டி (PySD) என்னும் நிரல் தொகுப்பைப் பயன்படுத்தலாம். நாலைந்து இருப்புகளுக்கு எக்செல் தாளே போதும். முதலில் ஒரு தாளில், உங்கள் ஊரில் எது கெட்டுப்போகிறது என்று நினைக்கிறீர்களோ அதைக் காலக் கோட்டின்மேல் வரையுங்கள். ஊருக்கே ஒரு மாதிரி என்று கிளம்புகிறவர்கள் இருப்புகளைக் காட்டும் நூறு பெட்டிகளும் அவற்றை இணைக்கும் இருநூறு அம்புகளும் வரைந்துவிட்டு முடங்கிப் போவார்கள். மலை ஊருக்குத் தண்ணீர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே நிறைய வெளிச்சம் கிடைக்கும்.

அதிலும் ஆண்டுச் சராசரியை நம்பிவிடாதீர்கள். நீரூற்றுகள் வற்றும் மாதங்களும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதுதான் மலை ஊர்களின் கஷ்டம். 2018 மே மாதம் சிம்லாவில் அப்படித்தான் குழாய்கள் காய்ந்தன. உள்ளூர் மக்களே சமூக வலைத்தளங்களில் சுற்றுலாப் பயணிகளை இப்போது வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், கோடைத் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் ஓடும் மாதிரி இதைத் தவறவிட்டிருக்கும், மாதக் கணக்கில் ஓடுவது பிடித்திருக்கும். எழுதி முடித்ததும் அலகுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்: நாளொன்றுக்கு வருகிறவர்களைத் தங்கும் நாட்களால் பெருக்கினால் ஆட்கள் வர வேண்டும், வேறெதுவும் வந்தால் எங்கோ தவறு. பிறகு மாதிரியைக் கடந்த காலத்தில் ஓட விடுங்கள். 2020 பொதுமுடக்கத்தில் வரத்து ஒரேயடியாக நின்றது. அந்த மாதங்களில் உங்கள் கணினி ஊர் உண்மையான ஊரைப்போல் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதைவிடக் கடுமையான சோதனை கிடைப்பது அரிது. தேவையான தரவு பாதிக்கு மேல் அரசுக் கோப்புகளில் இருக்காது. ஓட்டல்களின் மின்கட்டணமும் டேங்கர் லாரி நடைகளும் நல்ல மாற்று.

கேள்வி (சிவாஜி நகரிலிருந்து ஒரு டாக்சி ஓட்டுநர்): சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன். படித்தவர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரம்பு வைத்தால் முதல் அடி எங்கள் வயிற்றில்தான் விழுகிறது. அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு பெட்டியாவது உண்டா, ஐயா?

பதில்: பல மாதிரிகளில் இல்லை; உங்கள் கோபம் நியாயமானது. ‘பொருளாதாரம்’ என்று ஒரே பெட்டியை வரைந்து, ரிசார்ட் முதலாளியின் வருமானத்தையும் உங்கள் வருமானத்தையும் அதற்குள் போட்டுவிடுவார்கள். போராகாயில் ஆறு மாதமும் கூலி இழந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத இடங்களில் அறை கட்ட அனுமதித்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. வரம்பையும் கட்டணத்தையும் ஒருமுறை விதித்துவிட்டால் மாற்றக்கூடாது என்றும் எதுவும் இல்லை. பூடான் தன் வெளிநாட்டுப் பயணிகளின் ஒரு நாள் வளர்ச்சிக் கட்டணத்தை 2022 செப்டம்பரில் 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியது; எதிர்பார்த்த வேகத்தில் ஆட்கள் திரும்பாததால் அடுத்த ஆண்டே 100 டாலராகக் குறைத்தது.

உங்கள் தொழிலுக்குப் பயன்படும் வாதம் ஒன்று மாதிரிக்குள்ளேயே இருக்கிறது. 2025 வரம்பிலிருந்து அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு இருந்தது. நிறைய பேரை ஏற்றும் வண்டி மலைக்குக் குறைந்த சுமை என்ற கருத்து ஏற்கெனவே ஏற்கப்பட்டதுதான். பாஸை வண்டிக்குக் கொடுக்காமல் இருக்கைகளை வைத்துக் கணக்கிட்டால், பன்னிரண்டு பேரை ஏற்றும் வாடகை வண்டிக்கு இருவர் வரும் சொந்தக் காரைவிட முன்னுரிமை கிடைக்கும். மலையிலும் வண்டிகள் குறையும். உங்கள் ஓட்டுநர் சங்கம் இதைத்தான் கேட்க வேண்டும் என்பேன். வண்டி மலையடிவாரத்தில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை இரவு தங்கினார்கள், எங்கே டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் ஆய்வாளர்கள் தேடித் தேடிக் கிடைக்காத விவரங்கள். அவற்றில் பாதி உங்கள் டிரிப் ஷீட்டில் இருக்கிறது, மீதி உங்கள் நினைவில் இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், இரண்டு சீசனின் டிரிப் ஷீட்டுகளைக் கையோடு எடுத்துச் சென்று நகல் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் வருமானத்துக்குத் தனிப் பெட்டி போடும்படி எழுத்தில் கேளுங்கள்.