விசேட கல்வியை நிர்வகிக்க எந்த மேற்படிப்பு?

கேள்வி: துணுக்காய் வலயத்தில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் கற்பிக்கிறேன். கலைமாணிப் பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். வலய மட்டத்தில் விசேட கல்வியின் பொறுப்பை ஏற்கும்படி கேட்கிறார்கள். அதற்கு ஏற்ற மேற்படிப்பு எது? குடும்பத்தை விட்டுக் கொழும்பில் தங்கிப் படிக்க இயலாது.

பதில்: முதலில் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களிடம் எது குறைகிறது என்பதை அந்த வேலைதான் காட்டித் தரும். படிப்பை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

அலகில் ஒரு பிள்ளைக்கு நீங்களே செய்து கொடுத்ததை இனி வலயம் முழுவதும் மற்றவர்கள் செய்யும்படி பார்க்க வேண்டும். பார்வை குறைந்த ஒரு மாணவி சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலதிக நேரமும் பெரிய எழுத்து வினாத்தாளும் வேண்டுமானால், பாடசாலை மருத்துவச் சான்றுடன் பரீட்சைத் திணைக்களத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதினோராம் தரத்தில்தான் ஆசிரியர் அதைக் கவனிக்கிறார் என்றால், கண் சிகிச்சை நிலையத்தில் திகதி எடுப்பதற்குள்ளேயே காலம் போய்விடும். தாய் கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. ஆறாம் தரத்திலேயே அந்தப் பிள்ளையின் பெயர் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான வலயப் பதிவேட்டில் ஏறியிருந்தால் இந்த ஓட்டம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. நல்ல நிர்வாகி என்று நான் சொல்வது அந்தப் பதிவேட்டை உயிரோடு வைத்திருப்பவரைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகு வளவின் கடைசியில், களஞ்சிய அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் உயரமான படி. அதுவரை கிறவல் பாதை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை யாராவது தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அலகை முன் கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி ஓர் அதிபரிடம் பேசுவதற்கு இரக்கம் மட்டும் போதாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது; அதன் 24ஆம் உறுப்புரை கல்வி பற்றியது. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் பழக வேண்டும்.

வன்னியில் இந்தத் துறையைப் பற்றிப் பேசினாலே பலருக்கும் 2009தான் நினைவுக்கு வருகிறது. ஷெல் வீச்சில் காலிழந்த அன்றைய பிள்ளைகள் இன்று பெரியவர்கள். இன்று அலகுகளுக்கு வருபவர்களில் ஆட்டிசம், கேட்டல் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். போரைப் பார்த்த பெற்றோரின் மனக்காயமும் பிள்ளைகளோடு சேர்ந்து வருகிறது. உங்கள் படிப்பு இந்த இரண்டையும் தொட வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். விசேட கல்வியில் முறையான பயிற்சி இல்லாமல் அனுபவத்தால் மட்டும் கற்பித்து வந்திருந்தால், திறந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கெனத் தனித் துறையே இருக்கிறது. தொலைக்கல்வி முறை என்பதால் கொழும்பில் தங்கிப் படிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு. அந்தப் பயிற்சி ஏற்கெனவே இருந்தால் மறுபடி அதையே படிக்காதீர்கள். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் கல்வி முகாமைத்துவப் பட்டப்பின் டிப்ளோமாவோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதுகல்விமாணியோ உங்களுக்குப் பொருந்தும். நிதி, ஆளணி, மேற்பார்வை, திட்டமிடல் ஆகியவைதான் பெரும்பாலான நல்ல ஆசிரியர்களிடம் குறைகின்றன.

கல்வித் தகைமைகளை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். ஆய்வில்லாத முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்). ஆய்வோடு கூடியது 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளிகள். சுமை கூடினாலும் ஆய்வுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். தலைப்பை உங்கள் வலயத்திலிருந்தே எடுங்கள்: அலகிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாறிய பிள்ளைகள் அங்கே நிலைத்தார்களா, இடைவிலகினார்களா? இதைத் தேடி எழுதினால், ஆய்வேடு முடியும்போது வலயத்துக்கு ஒரு வேலைத்திட்டமும் கிடைத்துவிடும்.

இங்கிலாந்தில் 2009இலிருந்து, பாடசாலையில் விசேட தேவைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர் மூன்று ஆண்டுகளுக்குள் அதற்கான தகைமையைப் பெற்றாக வேண்டும். நம்மிடமும் அப்படி ஒரு கட்டாயம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே பட்டம் மட்டும் பதவியைத் தந்துவிடாது. கல்வி அதிகாரியாக நியமனம் பெற, கல்வி நிர்வாக சேவைக்கான போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கான தயாரிப்பையும் படிப்போடு சேர்த்தே தொடங்குங்கள்.

கட்டணம் செலுத்துமுன் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்த அனுமதித் தொகுதிக்குத் தமிழ் மொழிமூலம் உண்டா, வகுப்புகள் எந்த ஊரில் எந்த நாட்களில் நடக்கும், செய்முறைப் பயிற்சியை உங்கள் வலயத்திலேயே செய்யலாமா, ஆய்வைத் தமிழில் மேற்பார்வை செய்ய ஒருவர் இருக்கிறாரா. முதல் கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் அந்த ஆண்டு விண்ணப்பிக்காதீர்கள்.