பங்காளிக் கணக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கொலைகளை ஆராய்ந்த கனடிய உளவியலாளர் மார்கோ வில்சன் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ரத்த உறவுக்குள் கொலை குறைவு என்று அந்த அம்மா அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை வைத்துக் காட்டியதாகச் சொல்லியிருந்தீர்கள். எங்களுக்கு வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். இங்கே வெட்டு குத்து என்று காதில் விழுந்தாலே, "என்ன, பங்காளிச் சண்டையா?" என்றுதான் கேட்பார்கள். வரப்பை வெட்டித் தள்ளிவிட்டான், ராத்திரியோடு மடையை அடைத்துவிட்டான், இப்படி ஏதாவது இருக்கும். வெளியூர்க்காரர்களோ, "உங்க ரத்தமே அப்படி" என்கிறார்கள். அந்தக் கணக்கு நம்மூரில் செல்லுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

செல்லும். வில்சன் டெட்ராய்ட்டோடு நின்றுவிடவில்லை.

1972இல் அங்கே துப்புத் துலங்கிய கொலைகளில் நான்கில் ஒன்று குடும்பத்துக்குள் நடந்தது. 'சொந்தக்காரன்தான் ஆபத்து' என்று மற்றவர்கள் முடித்துவிட்ட இடத்தில், வில்சனும் அவர் கணவர் மார்ட்டின் டேலியும் "எந்தச் சொந்தம்?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் கணவன் மனைவி. துப்புத் துலங்கிய மொத்தக் கொலைகளில் ரத்த உறவு நூற்றுக்கு ஆறுதான். இருவரும் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து வந்தவர்கள். டேலிக்குப் பாலைவன எலிகள். கோபம் வருமா என்று படிவம் கொடுத்துக் கேட்டால் மனிதன் நல்லபடியாகத்தான் எழுதித் தருவான். பிணத்தை அப்படி மழுப்ப முடியாது. அதனால்தான் கொலைப் பதிவேட்டுக்குப் போனார்கள். வில்சன் பிறகு சட்டமும் படித்தார். (வட துருவப் பகுதியிலுள்ள கனடியக் குக்கிராமத்தில் வளர்ந்த பெண். 2009இல் காலமானார்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1988இல் வந்த கொலை பற்றிய நூலில் அவர்கள் முண்டா, ஒராவோன், பீல், மாரியா என்று நம் நாட்டுப் பழங்குடி மக்களின் வழக்குகளையும் எடுத்துக்கொண்டார்கள். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் எவ்வளவு நெருக்கம், சேர்ந்து கொன்றவர்களுக்குள் எவ்வளவு நெருக்கம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். சேர்ந்து கொன்றவர்களே நெருங்கிய ரத்தம். உங்கள் பக்கத்து எஃப்.ஐ.ஆர். எதையாவது எடுத்துப் பாருங்கள். வெட்டுப்பட்டவன் பெரியப்பா மகனாக இருப்பான். ஏ-1க்குப் பின்னால் ஏ-2, ஏ-3 என்று நிற்பவர்கள் யார்? கூடப்பிறந்த தம்பியும் பெற்ற மகனும்தானே?

சரி, அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்வது? அதையும் அவர்கள் மறைக்கவில்லை. டெட்ராய்ட்டில் அண்ணன் கார் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குவான், தம்பி இன்னொரு வேலையில் இருப்பான். பிரித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அப்பன் சொத்து ஆண்மக்களுக்கு நிலமாக இறங்குகிற ஊரில், உன் பங்கைக் குறைக்கக்கூடியவன் ஊரிலேயே ஒருவன்தான். சண்டைக்குத் துணைக்கு வரவேண்டியவனும் அவனே. நம் பக்கம் பங்காளி என்றால் பாசமும் உண்டு, பயமும் உண்டு.

"ரத்தமே அப்படி" என்பவர்களுக்கு, மனித மனத்தைப் பரிணாமத்தை வைத்து விளக்குகிற இவர்களுடைய பரிணாம உளவியலைத் துணைக்கு இழுக்க உரிமை கிடையாது. சினிமாக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். இதே இருவர் 1997இல் சிகாகோவின் பேட்டைகளை ஒப்பிட்டார்கள். கொலையால் போன உயிர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மனிதர்கள் சீக்கிரம் சாகிற பேட்டைகளில்தான் கொலையும் கூடுதல். ஒரே நகரம், ஒரே மனித இனம். மாறுவது நிலைமை. பின்னாளில், 2016இல், டேலி வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. வயலை விற்றுவிட்டுச் சென்னைக்கும் துபாய்க்கும் போன குடும்பங்கள் உங்கள் ஊரில் நிறைய இருக்குமே, அந்தப் பங்காளிகள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வருகிறாரா? விசாரித்து எழுதுங்கள்.