பழைய ஐரோப்பியக் கலைப்படங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மனத்தை விட்டு அகலாதது ஏன்?

கதையில் எழுந்த துயரத்தை அவை தீர்த்துவைக்காமல் நம்மிடமே விட்டுச்செல்வதுதான் முதன்மையான காரணம் என்பேன். 1948-இல் வெளிவந்த, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ இதற்குச் சரியான சான்று. போருக்குப் பிந்தைய ரோம் நகரில், சுவரொட்டி ஒட்டும் வேலைக்குத் தேவையான சைக்கிளை அடகிலிருந்து மீட்க, நாயகனின் மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டுபோய் அடகு வைக்கிறாள். கடை ஊழியர் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு உயரமான அடுக்குகளில் ஏறும்போது, அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளின் விரிப்புகள் ஏற்கெனவே குவிந்திருப்பதைக் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் வறுமை ஒரு நகரத்தின் வறுமையாக விரிய, வசனமே தேவைப்படவில்லை.

நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜோரானி உண்மையிலேயே ஆலைத் தொழிலாளி. அந்த முகத்தில் நடிப்பின் மெருகு இல்லை. அப்படி மீட்ட சைக்கிளும் திருட்டுப்போகிறது; கடைசிவரை கிடைப்பதில்லை. வேறு வழியின்றித் தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபட்டு, அழும் சிறுவனைக் கண்டு இரங்கிய உரிமையாளரால் விடுவிக்கப்பட்டு, தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். அவன் தந்தையை மன்னித்தானா, தாங்கிப் பிடித்தானா என்பதைப் படம் சொல்வதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பிஞ்சுக் கையின் பிடி என் உள்ளங்கையில் தங்கிவிடுகிறது.