ஐந்து வயது விண்வெளி வீராங்கனைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

கேள்வி: என் தம்பி மகளுக்கு ஜூலையில் ஐந்து வயது முடிகிறது. எந்நேரமும் ராக்கெட், நிலா, வேற்றுக்கிரகம் என்றுதான் பேச்சு. தலையில் வடிகட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சோபாவிலிருந்து குதிக்கிறாள். ஆன்லைனில் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டு 900 ராண்டுக்கு ஒரு டெலஸ்கோப் பார்த்தேன், வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதில் ஒரு தம்பியும் இருக்கிறான். இனிமேல் பிளாஸ்டிக் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் அம்மா வேறு சொல்லிவிட்டாள். (தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அத்தை)

பதில்: டெலஸ்கோப் வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவதற்கு அதில் பாதிகூட ஆகாது.

டெலஸ்கோப்பின் பலம் முன்பக்கக் கண்ணாடியின் அகலத்தில் இருக்கிறது. அந்த அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு பங்கு வரைதான் உருப்படியாகப் பெரிதாக்க முடியும், அதற்கு மேல் போனால் படம் மங்கிக் கலங்கிவிடும். 50 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் 100 மடங்கு, அவ்வளவுதான். 525 என்பது பெட்டியின்மேல் அச்சடிக்க மட்டுமே ஆகும். கூட வரும் ஸ்டாண்ட் தொட்டால் ஆடும். எல்லாவற்றையும் சரிசெய்து "வாம்மா, வந்து பார்" என்று கூப்பிட்டால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணை அந்தச் சின்ன ஓட்டையில் வைக்கவே வராது, இரண்டு கையாலும் குழாயைக் கெட்டியாகப் பிடிப்பாள், நிலா ஓடிவிடும். பிடிக்காமல் நின்றாலும் பூமி சுற்றுகிற சுற்றில் ஒன்றிரண்டு நிமிடத்தில் அதுவாகவே நகர்ந்துவிடும். யாரும் பார்க்காத நேரத்தில் அதைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்த்தால் கண்ணே போய்விடும், இதில் விளையாட்டில்லை.

இதெல்லாம் போகட்டும். வடிகட்டியை மாட்டிக்கொண்டு குதிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. அந்த வயதில் பிள்ளைகள் விண்வெளியை உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுவதில்லை, கிளம்பிப் போக ஆசைப்படுகிறார்கள். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒரு விண்கப்பல்.

ஃபிரிட்ஜ் விற்கிற கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி சும்மாவே கொடுப்பார்கள். ஒரு பக்கம் அவள் குனிந்து நுழைகிற அளவுக்குக் கதவு, முகத்துக்கு நேராக வட்ட ஜன்னல், வெளியே அலுமினியத் தாள். இவ்வளவும் அரைமணி வேலை. நேரம் எடுத்துச் செய்யவேண்டியது உள்ளே இருக்கிற கன்ட்ரோல் போர்டு. பாட்டில் மூடிகளின் நடுவில் துளை போட்டு, ஃபைல் கட்டுகிற பித்தளை ஸ்ப்ளிட் பின் கொண்டு அட்டையில் கோத்துப் பின்பக்கம் விரித்துவிடுங்கள், மூடி திருகத் திருகச் சுற்றும். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு ஒன்றை ஒயரை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். பேட்டரி எடுத்த டிவி ரிமோட், உடைந்த கால்குலேட்டர், எதுவானாலும் சரி, அமுக்கினால் "டக்" என்று சத்தம் வரவேண்டும், அதுதான் முக்கியம். கடையில் விற்கும் ராக்கெட் பொம்மையில் பொத்தான் மூன்றுதான் இருக்கும், மூன்றும் ஒரே பாட்டைப் பாடும், நாலாம் நாள் அலுத்துவிடும். இங்கே எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று அவளே முடிவு பண்ணுவாள், நாளைக்கு மாற்றியும் வைப்பாள். தம்பிக்கு இரண்டு வயது என்பதால் கழன்று வரக்கூடிய மூடிகள், ஸ்ப்ளிட் பின்கள் எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பின்பக்கத்துக் கூர்முனைகளை டேப் போட்டு மூடிவிடுங்கள்.

இதோடு காசு கொடுத்து வாங்கவேண்டியது ஒரு ஹெட்லேம்ப். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் வாங்கியது வீட்டு டிராயரில் கிடந்தால் அதுவே போதும், பட்டையை மட்டும் அவள் தலைக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ளுங்கள். ஒளிக்கு முன்னால் சிவப்பு செலஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கூசாது. வானத்தைப் பார்ப்பவர்கள் சிவப்பு விளக்கு வைத்திருப்பதும் இதற்காகத்தான். அப்புறம் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பென்சில். எழுத வராவிட்டால் என்ன, பயணக்குறிப்பை வரைவாள்.

ஜூலையில் பிறந்ததில் அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. டர்பனில் அப்போது மழை குறைவு, சூரியன் ஐந்தரைக்குள் மறைந்துவிடும், ஆறரைக்கெல்லாம் இருட்டு, தூங்கப் போவதற்கு முன் வானம் பார்க்க நேரமிருக்கும். தெற்குப் பக்கம் திரும்பினால் தென்சிலுவை நல்ல உயரத்தில் நிற்கும். அதற்கு இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள் தெரியும். சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம் அதுதான். அந்தக் குடும்பத்திலேயே மிகக் கிட்டத்தில் உள்ள பிராக்ஸிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதை 1915-இல் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தது நம்ம ஜோகன்னஸ்பர்க்கிலிருந்துதான். "அடுத்த ஸ்டாப் எது?" என்று கேப்டன் கேட்டால் கையை நீட்டிக் காட்ட ஓர் இடம் ஆயிற்று.

இதனால்தான் நட்சத்திரப் படமோ புத்தகமோ வாங்கும்போது தென் அரைக்கோளத்துக்கானதா என்று பாருங்கள் என்கிறேன். கடைகளில் வருவதில் பெரும்பாலானவை வடக்கே இருப்பவர்களுக்காகப் போட்டவை. துருவ நட்சத்திரத்தைத் தேடு என்று அதில் இருக்கும், டர்பனிலிருந்து அது என்றைக்குமே தெரியாது. வளர்பிறையில் நிலாவின் வலப்பக்கம் வெளிச்சமாக வரைந்திருப்பார்கள், இங்கே இடப்பக்கம் வெளிச்சமாக இருக்கும், பிள்ளை குழம்பிப்போகும். கோள்களின் போஸ்டரில் ஒன்பது கோள் இருந்தால் பழைய சரக்கு, புளூட்டோவை 2006-லேயே எடுத்துவிட்டார்கள்.

கடையில் வாங்கிய பொருள் என்று ஒன்றாவது கையில் கொடுத்தால்தான் உங்களுக்குத் திருப்தி என்றால், காலால் மிதித்தால் காற்றழுத்தத்தில் மேலே பாயும் ஃபோம் ராக்கெட் வாங்குங்கள். பிளாஸ்டிக்தான், இந்த ஒன்றுக்கு அம்மாவிடம் விலக்கு கேட்டுக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது, பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று மிதிக்கலாம். குழாய்க்கு நேராக முகத்தை நீட்டக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கூரையில் ஒன்றிரண்டு மாட்டிக்கொள்ளும், அது இருக்கட்டும்.

லேசர் வைத்த நட்சத்திர புரொஜெக்டர் வேண்டாம், தரையில் வைத்தால் பிள்ளை குனிந்து பார்க்கும்போது லேசர் ஒளி நேராகக் கண்ணில் படும். மினுக்கும் சின்னப் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இல்லையென்றால் அந்த வீட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விழுங்கிய பேட்டரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும், சின்னவன் இருக்கிற வீட்டில் இதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. ஹெல்மெட் வாங்கினால் முன்பக்கம் திறந்ததாக இருக்கட்டும்.

கதைகளைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்ட திரிசங்குவை இந்திரன் கீழே தள்ள, விசுவாமித்திரர் அவனை நடுவானில் நிறுத்தித் தெற்கே புது நட்சத்திரங்களையே படைத்தார் என்பதைவிடப் பெரிய விண்வெளி சாகசம் எந்தக் கடையில் கிடைக்கும்? அந்தத் திரிசங்குதான் தென்சிலுவை என்பார்கள், வாசலில் நின்று தெற்கே காட்டியே கதை சொல்லலாம். நிஜ ஆட்கள் வேண்டுமென்றால் நம்ம நாட்டு வெல்கம் ஊரில் பிறந்து 2002-இல் விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த மார்க் ஷட்டில்வொர்த் இருக்கிறார். 2023-இல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3-க்குத் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

எட்டு ஒன்பது வயதிலும் இந்த ஆசை விடவில்லை என்றால் ஒரு 7×50 பைனாகுலர் (ஏழு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்) வாங்கிக் கொடுங்கள். நிலாவின் குழிகளும், கையை அசையாமல் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் அதிலேயே தெரியும். டெலஸ்கோப் அதற்கும் அப்புறம்.

ஃபிரிட்ஜ் பெட்டிக்குக் கடையில் இப்போதே சொல்லிவையுங்கள், கேட்ட அன்றே கிடைக்காது. தம்பி மனைவியிடம் மட்டும் முன்கூட்டிப் பேசிவிடுங்கள், வரவேற்பறையில் ஒரு மாதம் நிற்கப்போகிற சாமான் இது. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் இல்லை, நைந்துபோனால் தாளையும் ஒட்டிய சாமான்களையும் எடுத்துவிட்டு மடக்கிப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்றால் ஒத்துக்கொள்வார்.