டேர்டெவிலும் கிங்பின்னும் எப்படிக் கைகோர்த்தார்கள்?

பரம எதிரியான தாதாவோடு ஒரு ஹீரோ சேர்வது நம்பும்படியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். 2006-இல் எட் புரூபேக்கர் எழுத, மைக்கேல் லார்க் வரைந்த டேர்டெவில் காமிக்ஸின் சிறைக் கதையைப் படியுங்கள்.

பார்வையற்ற வழக்கறிஞர் மேட் மர்டாக்தான் டேர்டெவில். இப்போது அவரே கைதி. அதே சிறையில் அவருடைய பரம எதிரி, ‘கிங்பின்’ என்ற தாதா வில்சன் ஃபிஸ்க்கும் இருக்கிறார். கலவரம் வெடிக்கிறது, மற்ற கைதிகளுக்கு இருவர் தலையும் வேண்டும். தனித்தனியாக நின்றால் சாவுதான். அதனால் சேர்கிறார்கள்; பகை அப்படியே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது முடிவுப் பகுதி. ஃபிஸ்க்கையும் கொலைகாரன் புல்ஸ்ஐயையும் வெளியே விடக்கூடாது என்று மேட் கடைசி நேரத்தில் உறுதியாகிறார். புல்ஸ்ஐ சுடுகிறான். குண்டு மேட்டின் தடியில் பட்டுத் திரும்பி ஃபிஸ்க்கின் முழங்காலைச் சிதைக்கிறது. சற்றுமுன் தோளோடு தோள் நின்று சண்டையிட்டவர்!

இந்தக் கூட்டணி வேலை செய்வதற்குக் காரணம், கதை ஃபிஸ்க்கை நல்லவராக்க முயலவே இல்லை. தாதா திருந்திவிட்டால் பதற்றம் போய்விடும். அடுத்த நொடி யார் யாரைக் கைவிடுவார் என்ற பயம்தான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.