சென்டினல் எண்ணையும் லேண்ட்சாட் எண்ணையும் பொருத்துவது எப்படி?

கேள்வி: தம்பலகாமம் வயல்களின் என்டிவிஐயை (பயிரின் பசுமையைக் காட்டும் சுட்டெண்) 2018இலிருந்து லேண்ட்சாட் 8, சென்டினல் 2 என்ற இரண்டு செய்மதிகளிலும் எடுத்து ஒரே வரைபில் போட்டிருக்கிறேன். 2021/22 பெரும்போகத்தில் சென்டினல் கோடு மட்டும் திடீரென்று விழுகிறது. உரத் தடையின் விளைவு என்று அறிக்கையில் எழுதலாமா? அல்லது சென்டினல் எண்களை எதனாலாவது பெருக்கிச் சரிசெய்ய வேண்டுமா? – வாசகர், திருகோணமலை

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கோடு எந்தத் திகதியில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். 2022 ஜனவரி 25ஐ ஒட்டி என்றால் வயலைச் சந்தேகிக்காதீர்கள். அன்றிலிருந்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சென்டினல் 2 படத்தின் எண்களில் 1000ஐக் கூட்டித் தருகிறது. மிக இருண்ட இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே போகும் அளவுகள் வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த 1000ஐக் கழித்துவிட்டு 10000ஆல் வகுத்தால்தான் தெறிப்பு, அதாவது நிலம் திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு, வரும்.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? நன்றாக வளர்ந்த நெல்லுக்கு அண்மை அகச்சிவப்பில் 0.40, சிவப்பில் 0.04 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ 0.82 வரும். இரண்டிலும் 0.1 கூடிவிட்டால் 0.56தான். வயலில் ஒரு தாளும் வாடவில்லை, வரைபில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையால் அந்தப் போகத்தில் விளைச்சல் உண்மையிலேயே குறைந்தது. அதனால் இந்தப் பொய்ச் சரிவை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதான் ஆபத்து.

சென்டினல் கோப்புப் பெயரில் ‘என்’ (N) எழுத்துக்குப் பின்னால் 0400 அல்லது அதற்கு மேல் இருந்தால் கழிக்க வேண்டும். படத்தின் திகதியை நம்ப வேண்டாம். பழைய படங்களையும் மீள்செயலாக்கி 0500 என்று வெளியிட்டிருக்கிறார்கள், அவற்றிலும் இந்த 1000 உண்டு. செய்மதிப் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று முடியும் தொகுப்பை எடுத்தால் இந்த வேலை மிச்சம். லேண்ட்சாட் கணக்கு வேறு: கலெக்‌ஷன் 2 மேற்பரப்புத் தெறிப்புக்கு எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் சிறு வித்தியாசம் மிஞ்சும். உணரிகளை ஒப்பிட்டுச் சீராக்கும் வேலையை விண்வெளி நிறுவனங்களே செய்கின்றன. லிபியா 4 போன்ற, ஆண்டுக்கணக்கில் அதிகம் மாறாத பாலைவன மணற்பரப்புகளை எல்லாச் செய்மதிகளும் பார்க்கின்றன. 2021 நவம்பரில் லேண்ட்சாட் 9ஐ லேண்ட்சாட் 8இன் கீழாகவே பறக்கவிட்டு, ஒரே நிலத்தை ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டார்கள். அதற்குமேல் நாம் வீட்டில் இருந்து குணகம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீண் வேலை.

மிஞ்சுவதில் பெரும்பகுதி பட்டையின், அதாவது உணரி பதியும் ஒளி அலைநீள எல்லையின், அகலத்தால் வருவது. சென்டினலின் 8ஆம் பட்டை லேண்ட்சாட்டின் அகச்சிவப்புப் பட்டையைவிட மிக அகலம். 8ஏ பட்டைதான் நெருங்கி வரும். அதன் பிக்சல் 20 மீற்றர் என்றாலும் ஒப்பீட்டுக்கு அதையே எடுங்கள். இன்னொன்று, வளிமண்டலத் திருத்தம், அதாவது இடையிலுள்ள காற்றும் தூசியும் படத்தில் செய்யும் மாற்றத்தை நீக்குவது. இரண்டுக்கும் இரண்டு மென்பொருள் என்றால் வித்தியாசம் வராமல் எப்படி இருக்கும்? நாசாவின் எச்எல்எஸ் தொகுப்பு இரண்டு செய்மதிகளின் படங்களுக்கும் ஒரே திருத்தத்தைச் செய்து, பட்டை வித்தியாசம், பார்வைக் கோணம் ஆகியவற்றையும் சரிசெய்து 30 மீற்றரில் தருகிறது. உங்கள் வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், இரண்டு செய்மதியும் ஒரே காலையில் கடந்த, முகில் இல்லாத நாட்களைத் தேடுங்கள். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் அது கிடைப்பது அருமை; பெப்ரவரிக்குப் பிறகு பாருங்கள். சென்டினலை 30 மீற்றருக்குச் சராசரியாக்கி, கந்தளாய்க் குளத்தின் நடுநீர், அடர்ந்த காடு, நிலாவெளியின் காய்ந்த மணல் என்று இருட்டிலிருந்து வெளிச்சம் வரை இடங்களைத் தெரிவு செய்யுங்கள். சீனக்குடா ஓடுபாதை வசதியாகத் தெரியும், ஆனால் 30 மீற்றர் பிக்சலுக்கு அதன் அகலம் போதாது. ஓரப் புல்லும் கலந்துவிடும். என்டிவிஐயை அல்ல, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். புள்ளிகளின் கோடு பூச்சியத்தில் தொடங்காமல் 0.1 தள்ளி நின்றால், அந்த 1000 இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.