ஆக்சலாட்டில் தொட்டியில் அயோடின் ஊற்றலாமா?

கேள்வி: பட்டுப்புழு ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் கூடு கட்டி அந்துப்பூச்சியாகிவிடுகிறது. என் ஆக்சலாட்டிலுக்கு (பல்லி போன்ற உடலோடு நீரில் வாழும் சாலமாண்டர் வகை, தவளையைப் போல நீர்நிலவாழ்வி) ஒன்றரை வயதாகியும் செவுள் மறையவில்லை. தண்ணீரில் அயோடின் கலந்தால் ‘முழு சாலமாண்டர்’ ஆகிவிடும் என்கிறார் விற்றவர். கலக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் ஆக்சலாட்டிலின் வளர்ச்சி நின்றுபோகவில்லை. செவுளோடு இருப்பதுதான் அதன் முழு வளர்ச்சி.

பட்டுப்புழுவுக்கு வேறு வழி இல்லை. புழுவாக இருக்கும்வரை அதனால் இனப்பெருக்கம் செய்ய முடியாது. நான்கு முறை தோலுரித்து, உடம்பில் அதைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் குறைந்ததும் கூடு கட்டும். வெளிவரும் பூச்சி எதையும் தின்னாது. இணைசேர்ந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, சில நாட்களில் இறந்துவிடும். ஆக்சலாட்டிலுக்கோ, உருமாறும் அளவுக்குத் தைராய்டு ஹார்மோன் (உருமாற்றத்தைத் தூண்டுவது; அயோடினைக் கொண்டு உடல் உருவாக்குவது) உயர்வதில்லை. ஏறக்குறைய 1 வயதில் செவுளோடே முட்டையிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 ஆண்டு வாழும்.

அயோடின் அதன் தோலையும் செவுளையும் அரித்துவிடும். தண்ணீரில் இருப்பதைத் தோல் அப்படியே உறிஞ்சுவதால், வீட்டுத் தொட்டியில் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. பிழைத்து உருமாறினாலும் ஆயுள் குறையும். அப்புறம் நிலத்தில் வளர்க்கும் தொட்டியையும் அதே வியாபாரி உங்கள் தலையில் கட்டுவார்.

ஒன்றை மட்டும் பாருங்கள். வளர்ந்ததும் செவுளை இழந்து நிலத்துக்கு வரும் புலி சாலமாண்டரின் குஞ்சுகளை ஆக்சலாட்டில் என்று விற்பவர்கள் உண்டு. வெள்ளை உடல், கருங்கண், இளஞ்சிவப்புச் செவுள் என்றால் கவலை வேண்டாம். கரும்பச்சை நிறக் குஞ்சு, வாங்கிய சில மாதங்களில் செவுள் சுருங்கி, முதுகுத் துடுப்பு மறைந்து, கண் புடைத்து இமை தெரிய ஆரம்பித்தால் பெரும்பாலும் அது புலி சாலமாண்டர்தான். உடனே தண்ணீரை அதன் தலை மட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். ஈர மண்ணால் சரிவு அமைத்து, மேலே மூடி போடுங்கள், இல்லாவிட்டால் ஏறி வெளியே போய்விடும். சில நாள் சாப்பிடாது, வாயில் திணிக்காதீர்கள். கடைக்காரர் ரசீதில் ‘நடக்கும் மீன்’ என்று எழுதிக் கொடுத்தாலே போதும் என்று நாம் விட்டுவைத்திருக்கும்வரை இந்த ஏமாற்று நிற்காது. ஆக்சலாட்டிலோ புலி சாலமாண்டரோ மீனே இல்லை! இனப்பெயர் எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

செவுளின் இழைகள் மட்டும் குட்டையாகி, துடுப்பும் கண்ணும் மாறாமல் இருந்தால் அது உருமாற்றம் அல்ல, தண்ணீர்க் கேடு. தண்ணீர்ச் சோதனைக் கிட்டில், கழிவிலிருந்து சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். வெப்பம் 16 முதல் 18 டிகிரி. அம்மோனியா தெரிந்தால், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் கால் பங்கை அன்றே மாற்றி, மறுநாள் மீண்டும் சோதியுங்கள்.